ஒரு மாதத்து விசில்

"எத்தனை வருஷமா இந்தக் கதிரையில இருக்கிறியள்?"

அவர் மனிதர்களைச் சுகம் விசாரிப்பது இப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் இந்தக் கேள்வியை வாங்காத ஒருவர் இருந்திருந்தால், அவர் நின்றுகொண்டே பிழைப்பவராக இருந்திருக்க வேண்டும். கோயில் பரிபாலன சபைத் தலைவர் வாங்கியிருக்கிறார். பழைய மாணவர் சங்கப் பொருளாளர் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். சலூனில் முறைக்காகக் காத்திருந்த ஒரு முதியவரிடம்கூடப் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரை மணித்தியாலம் இருக்கும், தம்பி" என்று பணிவோடு பதில் சொன்னாராம்.

இந்தக் கேள்விக்காக ஊர் அவருக்கு வைத்த பெயர் கதிரை சேர். கதிரைகளோடு வாழ்நாள் முழுவதும் சண்டை பிடித்தவரின் பெயரிலேயே ஒரு கதிரை போய் உட்கார்ந்துகொண்டது. அதை மட்டும் அவரால் எழுப்ப முடியவில்லை.

அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. "ஒரு ஆள் ஒரு கதிரையில கனகாலம் இருந்தா முதல்ல கால் மரக்கும், தங்கச்சி. பிறகு காது மரக்கும். பிறகு கண். கடைசியாத்தான் மனச்சாட்சி. ஆனா எழும்பு எண்டு சொல்லிப் பாருங்கோ, உடம்பு முழுக்க உயிர் வந்திடும்." எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஒரு கதிரையிலிருந்து எழுந்து அடுத்ததில் போய் இருப்பார். என் கணவர் அதைக் கவனித்து, அவர் வரும் நாட்களில் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைக்கத் தொடங்கினார். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தத் தோள்கள். துறைமுகத்தின் சம்பளப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இருக்கத் தேவையில்லாத தோள்கள். தீவுப்பக்கத்தில் பிறந்தவர். அவர் நீந்தும்போது தண்ணீர் அவரை எங்கோ அழைத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். அவர் ஏதும் செய்வதாகவே தெரியாது. ஞாயிறு காலைகளில், கட்டைக் காற்சட்டையும் கழுத்தில் துவாயுமாக, எங்கள் ஒழுங்கையால் கடற்பக்கம் நடப்பார். பின்னால் பிள்ளைகள். வெள்ளவத்தையில் கடலுக்குப் போக வேண்டுமென்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். ரயில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பையும் அவர் கிழமைக்கு ஒரு பிள்ளையிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார். தாய்மார் கலங்கினோம்.

"ரயிலும் முறைவச்சே வரும், அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"அதை ஒரே ஆக்கள் கனகாலமா நடத்துறபடியாத்தான் பிந்தி வருது" என்றார்.

தண்டவாளத்துக்கு அப்பால், கருங்கற்களுக்கு உட்புறமாக, கடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் ஓரிடம் உண்டு. கார்த்திகையிலிருந்து சித்திரை வரைக்கும் அது ஒரு நல்ல பிள்ளை. அதன் பிறகு தென்மேற்குக் காற்று வந்து அதன் குணத்தை மாற்றிவிடும். அந்த இடத்தில்தான் எங்கள் நீச்சல் குழு. வெள்ளவத்தைப் பிள்ளைகள் வருவார்கள், கிராண்ட்பாஸிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பத்து அண்ணனும் தம்பியும் வருவார்கள், அவரது துறைமுகக் காலத்துப் பழக்கத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து சிலர் பஸ் ஏறி வருவார்கள். பயிற்றுநர் என்று எவரும் இல்லை. பச்சைச் சப்பாத்து நாடாவில் கோர்த்த ஒரு விசில் இருந்தது. ஒரு மாதம் அது ஒரு பிள்ளையின் கழுத்தில் கிடக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு அவர் கையை நீட்டுவார். விசில் கழன்று வரும், அடுத்த கழுத்துக்குப் போகும். விசில்காரர் சொன்னால் எல்லோரும் கேட்க வேண்டும், அவர் உட்பட.

கிராண்ட்பாஸ் அண்ணன்காரன் தன் மாதத்தில், தன்னை முன்பு கேலி செய்தவர்களையெல்லாம் மல்லாக்க மிதக்க வைத்து மேகம் எண்ணச் சொன்னான். என் மகள் ஆதிரை தன் மாதத்தில் ஒவ்வோர் அலைக்கும் விசில் ஊதினாள். அலைகள் அவளைப் பொருட்படுத்தவில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, அவர் என்னோடு கதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஒரே ஊதாக ஊதி, "சேர், கரைக்கு!" என்று விரலை நீட்டினாள். அவர் மறுபேச்சின்றிப் போய்க் கல்லில் இருந்தார். அன்று முழுவதும் எழும்பவில்லை.

"என்ன அண்ணை, சின்னப்பிள்ளை சொல்லுக்கு?"

"அதிகாரம் இப்ப அவவிட்டை இருக்கு, தங்கச்சி. நான் எதிர்க்கட்சி."

ஆனால் கல்லில் இருந்தபடியே அவரது கண்கள் தண்ணீரிலிருந்த தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வந்ததை நான் பார்த்தேன். அந்த வேலையை அவர் ஒருநாளும் யாருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. கேட்டால், அது பதவி இல்லையாம்.

அவருடைய சீர்திருத்தம் தண்ணீரில் மட்டும்தான் மிதந்தது. எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவில் பதினான்கு வருடமாக ஒரே தலைவர். அவரிடம் அந்தக் கேள்வி போனது, கூட்டம் கூடியது, தலைவர் கோபித்துக்கொண்டு விலகினார். மாதத்துக்கொரு தலைவர், மாதத்துக்கொரு செயலாளர். மாடியெல்லாம் ஜனநாயகம் மணந்தது. தண்ணீர் மோட்டர் அறையின் சாவியும் மாதத்துக்கொரு கை மாறியது. ஐந்தாவது மாதம், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாடி இரண்டாம் மாடியைச் சொன்னது. இரண்டாம் மாடி, அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஒருவரைச் சொன்னது. மேலே தண்ணீர்த் தாங்கி வற்றியது. வாளிகளோடு எல்லோரும் படியேறி இறங்கியபோது, பழைய தலைவர் பல்கனியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவரை மீண்டும் தலைவராக்கிய அன்றே தண்ணீர் வந்தது. கதிரை சேர் மட்டும் தளரவில்லை. "பிழை முறையில இல்லை, சாவியில" என்றார்.

வீட்டிலும் முயன்றார். அவர் மனைவி குரல் உயர்த்தாத பெண். ஒருநாள், கோயில் தலைவரைப் பற்றி அவர் சாப்பாட்டு மேசையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, சொதிச் சட்டியை வைத்துவிட்டுச் சொன்னாராம்: "முப்பது வருஷமா நான் இந்த அடுப்படியில நிக்கிறன். ஊரெல்லாம் கேக்கிற கேள்வியை என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லையே?" அடுத்த நாளே அடுப்பு கை மாறியது. ஒருநாள்தான். அன்று அவர் சமைத்த மீன் குழம்பைப் பற்றி இரு தரப்பும் மௌனம் காத்தன. "முதல்ல நாடு திருந்தட்டும்" என்று மனைவி அகப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இவையெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். நாங்கள் சிரித்தோம். சிரிக்க முடியாத கதை ரேணுகாவுடையது.

ரேணுகா கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியிலிருந்து வருபவள். தாய் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, துறைமுகக் கட்டடங்களில் கூட்டித் துடைத்தவர். அப்படித்தான் கதிரை சேரைத் தெரியும். பள்ளிக்கூடம் முடித்த அந்த வருடம் ரேணுகாவுக்கு ஓர் எண்ணம் வந்தது: உயிர்காப்புப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினால் ஹோட்டல்களில் லைஃப்கார்ட் வேலை கிடைக்கும். அவளுக்கு முன்னால் அவள் மாடியில் எவரும் எண்ணாத எண்ணம். பரீட்சை வருடந்தோறும் ஆவணியில். அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் கடல் யாரையும் கிட்ட விடாது. பயிற்சிக்கு நீச்சல் தடாகம் வேண்டும்.

தடாகம் எங்களுக்கு இல்லாமல் இருந்ததில்லை. கடல் மூர்க்கமான மாதங்களில், பெரிய மனிதர்களின் கழகம் ஒன்று ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் தன் தடாகத்தை எங்கள் பிள்ளைகளுக்குச் சும்மா தந்துகொண்டிருந்தது. எல்லாம் அந்தக் கழகத்துச் செயலாளரின் தயவு. சிங்களப் பெரியவர். எங்கள் பிள்ளைகளுக்கு டொஃபி கொடுப்பார். ஒரு ஞாயிறு அவர் அன்போடு கதிரை சேரின் தோளில் கைபோட்டு, தான் இந்தக் கழகத்தில் எவ்வளவு பழையவர் என்று சொல்லத் தொடங்கினார். தானாக வந்து வாசலில் நின்ற மீனை எந்த மீன்காரன் விடுவான்?

"அவுருது கீயக்த, மஹத்தயா?"

எத்தனை வருஷம் என்ற அதே கேள்விதான், சிங்களத்தில். செயலாளரின் கை தோளிலிருந்து இறங்கியது. அடுத்த ஞாயிறு தடாகம் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் திருத்தம். மதிலுக்கு அப்பால் ஆட்கள் குதித்து நீந்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது தயவு. தயவிலை நீந்தினா இப்பிடித்தான்" என்றார் கதிரை சேர். "உரிமையா எடுப்பம்."

அந்தக் கழகம் நிற்கும் நிலம் உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமானது, குத்தகை புதுப்பிக்கும் காலம் வருகிறது, ஞாயிறு காலை அயல் பிள்ளைகளுக்கு என்று ஒரு நிபந்தனையைக் குத்தகையில் சேர்த்துவிட்டால் யார் செயலாளராக இருந்தாலும் தடாகம் திறந்துதான் ஆகவேண்டும். அவர் சொன்னபோது சுலபமாக இருந்தது. உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. ஒழுங்கைக் கூட்டங்களிலிருந்து ஒரு சுயேச்சைக் குழு முளைத்தது. அவர் முதல் ஆள். காலி வீதியில் புடைவைக்கடை வைத்திருக்கும் முதலாளி இரண்டாவது ஆள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருவர். துண்டுப்பிரசுரத்தில் ஒரே வாக்குறுதி: ஆசனம் கிடைத்தால் ஆளுக்கு ஒரு வருடம், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. இதற்கு யார் வாக்களிப்பார்கள் என்று நான் நினைத்தேன். வெள்ளவத்தை ஒரு ஆசனம் அளவுக்கு வாக்களித்தது. எல்லாத் தலைவர்கள்மீதும் இருந்த அலுப்பை ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்ட இடம் கிடைத்திருக்க வேண்டும்.

சபையில் அவர் எப்படி இருந்தார் என்று பார்க்க ஒருநாள் போனேன். உறுப்பினர்களுக்கான மெத்தைக் கதிரையில் விளிம்பில் இருந்தார், பஸ்ஸில் அடுத்த தரிப்பில் இறங்குபவரைப்போல. குத்தகை விடயம் குழுவுக்குக் குழு அலைந்தது. இன்று கோப்பு இல்லை, அடுத்த முறை உத்தியோகத்தர் இல்லை. அவர் விடவில்லை. ரேணுகா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள், "எது வரைக்கும் போயிருக்கு, சேர்?" கடைசியில் பிரேரணைக்கு நாள் குறித்தார்கள். ஒரு வியாழக்கிழமை. ஆதரவாகப் பேச ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எதிர்க்கப் போகிறவர்கள்கூடச் சளைத்துவிட்டார்கள்.

அந்த வியாழனுக்கு முந்திய திங்கட்கிழமை அவருடைய ஒரு வருடம் முடிந்தது.

சனிக்கிழமை பின்னேரம் ரேணுகா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். தனியே போகப் பயமாக இருந்தது அவளுக்கு. அவர் பல்கனியில் துவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், திங்கக்கெழம விலகுறீங்களாம். நெசமா?"

"ஓம், பிள்ளை. வருஷம் முடியுதெல்லே."

"ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன், சேர். வியாழக்கெழம முடிஞ்சதும் போங்க. யாரு என்னா சொல்லப் போறாங்க?"

அவர் துவாயின் சுருக்கங்களை நீவினார். "ஒரு கிழமை எண்டுதான் எல்லாரும் தொடங்குறவை, பிள்ளை. நான் இருபது வருஷம் இருக்கப் போறன் எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. இந்தப் பாலம் முடியட்டும், இந்தச் சண்டை முடியட்டும், இந்தப் பிள்ளையின்ர சோதினை முடியட்டும். எல்லாம் நல்ல காரணம்தான்."

"அப்போ என் டெஸ்ட்டு?"

"முதலாளி இருக்கிறார். அவர் பிரேரணையைக் கொண்டுவருவார். எனக்குக் கைதந்து சொன்னவர்."

"அவரு கொண்டு வரலைன்னா?"

அவர் துவாயை எடுத்து மறுபடியும் விரித்துப் போட்டார். ரேணுகா அழவில்லை. அழுதிருந்தால் எங்கள் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். "நான் கதிர கேக்கல, சேர்" என்றாள். "தண்ணிதான் கேக்குறேன்."

அடுப்படி வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை கேக்கிறது விளங்குதோ?"

"விளங்குது."

"பிறகென்ன?"

"விளங்குறபடியாத்தான் பயமாக் கிடக்கு" என்றார் அவர். "இன்னும் ஒரு கிழமை இருக்க எனக்கு விருப்பமா இருக்கு. நல்லாவே விருப்பமா இருக்கு."

திங்கட்கிழமை விலகினார். வியாழக்கிழமை பிரேரணையின் இலக்கத்தை வாசித்தார்களாம், முன்மொழிந்தவரின் பெயரை வாசித்தார்களாம், அப்படி ஓர் உறுப்பினர் இல்லை என்றதும் அடுத்த இலக்கத்துக்குப் போனார்களாம். இலங்கையில் ஓர் அரசியல்வாதி சொன்ன நாளில் சொன்னபடி கதிரையை விட்டு எழுந்தார். அதனால் நட்டப்பட்டது கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்.

முதலாளி பதவியேற்றார். முதல் வேலையாகக் கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். பிரேரணை பற்றிக் கேட்டபோது, "வடிவாப் படிச்சுப் பார்க்க வேணும், சேர்" என்றார். ஒரு வருடம் படித்தார். தன் வருடம் முடிந்த அன்று, கதிரை சேர் கடைக்குப் போய்க் கையை நீட்டினார், கடற்கரையில் விசிலுக்கு நீட்டுவதைப்போலவே. முதலாளி அந்தக் கையைக் குலுக்கினார். "நான் இப்பத்தானே, சேர், வேலை பழகிக்கொண்டு வாறன்." சபையின் ஆயுள் முடியும்வரை பழகினார். சபையின் ஆயுளை நீட்டினார்கள், அப்போதும் பழகினார்.

அவர் விலகிய அந்த வருடத்து ஆவணியிலும் ரேணுகா பரீட்சைக்குப் போகவில்லை. கடல் கற்களின் மேலேறித் தண்டவாளத்தை நனைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் ஒழுங்கை முடிவில் குடையோடு நின்று அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்று குடையை உள்வெளியாகத் திருப்பும். அவர் திருப்பித் திருப்பிச் சரிசெய்வார். வருத்தம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்றும் வரவில்லை.

வீட்டில் காசு வேண்டியிருந்தது. ரேணுகா வேலைக்குப் போனாள். வேறெங்கும் கிடைக்காமல் போனது அதே முதலாளியின் புடைவைக்கடைக்கு. காலையிலிருந்து இரவு கடை பூட்டும்வரை நிற்கும் வேலை. ஒருநாள் நானும் கதிரை சேரும் துவாய் வாங்கப் போனபோது, அவள் துணி அடுக்கிய தட்டில் முதுகைச் சாய்த்து ஒரு காலை மற்றக் காலால் தடவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் நேராக நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், கடையைச் சுற்றிப் பார்த்தார். காசு மேசையில், சுழல் கதிரையில், முதலாளி. அந்தக் கடையில் சுழன்ற ஒரே பொருள் அதுதான்.

"இந்தப் பிள்ளையளுக்கு ஒரு கதிரை போட்டா என்ன?" என்றார் அவர்.

முதலாளி கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "ஊரெல்லாம் எழும்பு எழும்பு எண்டு திரிஞ்ச நீங்களே, சேர், கதிரை கேக்கிறியள்?"

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்தினேன். ரேணுகா சிரிக்கவில்லை. அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடைக்குள் வைத்துவிட்டு வந்தார். முதலாளி நன்றி சொல்லி, அவற்றை வாசலில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டார்.

அடுத்த கார்த்திகையில் கடல் இறங்கியதும், அவர் விடியற்காலைகளில் காலி வீதித் தரிப்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். ரேணுகா இறங்குவாள். கடை திறக்கும்வரை இருவரும் கடலில். ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும். அவரே முன்னால் நீந்துவார். ஒரு பொம்மையை நெஞ்சில் அணைத்து, மூழ்குபவரைக் கரைசேர்ப்பதுபோல அவள் இழுத்து வருவாள். பொம்மை கிழிந்தபோது அவரே மூழ்குபவரானார். உடம்பைத் தளர்த்திவிட்டுக் கிடப்பார். தன்னை அவள் தலைமயிரில் பிடித்து இழுக்கும்போது கத்தாமல் இருப்பார். வந்த ஆவணியில் அவள் பரீட்சைக்குப் போனாள், அதுவரை கால் வைத்திராத ஒரு தடாகத்தில். தேறினாள். திரும்பி வந்து முறைப்பட்டாள்: "அந்தப் பூல் தண்ணி செத்துப்போயி கெடக்கு, சேர். ஒரு அலையும் இல்ல. தூக்கம் வருது."

அவர் அன்று மனைவிக்கு மீன் குழம்பு வைக்க முயன்றதாகக் கேள்வி.

அதன்பிறகு, எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் முழு நாடும் வரிசையில் நின்ற வருடம் வந்தது. ஹோட்டல்கள் வெறிச்சோடின, சான்றிதழை வைத்துக்கொண்டு ரேணுகா எரிவாயு வரிசையில் நின்றாள். காலிமுகத் திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்து, கதிரையில் இருப்பவர்கள் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவருடைய கேள்வியை, முதன்முறையாக, கடலை விடச் சத்தமாக ஒரு நாடு கேட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நானும் ஆதிரையும் கூட்டிக்கொண்டு போனோம். கூட்டத்தில் அவர் முகம் ஒரு குழந்தையின் முகமாக இருந்தது. ஒரு மேடையில் ஒரு பொடியன் நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் பேசினான். இவர் மெல்ல மெல்ல முன்னேறினார். நான் பிடிப்பதற்குள் போய்விட்டார்.

"தம்பி, நீங்கள் எத்தனை மணித்தியாலமா இந்த மைக்கில?"

"யாரப்பா இந்தக் கிழவனைக் கொண்டுவந்தது?" என்று ஒருவன் கத்தினான். "அரசாங்கத்து ஆள்!" என்றான் இன்னொருவன். அவரைச் சுற்றி நின்ற பிள்ளைகள்தான் கையைப் பிடித்துப் பத்திரமாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவர் கோபப்படவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நல்ல பொடியன்" என்றார். "ஆனா காது மரக்கத் தொடங்கிட்டுது."

சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்தபோது ரேணுகாவுக்கு வேலையும் வந்தது. கல்கிசையில், கடலை ஒட்டிய ஒரு ஹோட்டல். ரயிலில் போய்வரலாம். முதல் மாதச் சம்பளம் வாங்கியபிறகு எங்கள் இருவரையும் பார்க்க வரச் சொன்னாள். நீலத் தண்ணீர், அதன் ஓரத்தில் வெள்ளை அடித்த உயரமான கதிரை, அதன் உச்சியில் சிவப்புச் சட்டையோடு ரேணுகா. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எவ்வளவு நேரமா, பிள்ளை, இந்தக் கதிரையில இருக்கிறாய்?"

"அரை மணிநேரம் ஆகப்போகுது, சேர். இப்ப மாத்திருவாங்க."

"என்னத்தை மாத்துறது?"

"ஆளத்தான். அரை மணிக்கு மேல ஒருத்தர உக்கார விடமாட்டாங்க. ரூல்ஸ். ரொம்ப நேரம் தண்ணியவே பாத்தா கண்ணு மரத்துப் போகும், சேர். ஆளு முங்குறது கண்ணுக்கு முன்னாலயே நடக்கும், தெரியாது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு சிவப்புச் சட்டை வந்தது. "நங்கி, பஹின்ன" என்றான் அவன், இறங்கச் சொல்லி. ரேணுகா இறங்கினாள், அவன் ஏறினான். சத்தம் இல்லை, பிரேரணை இல்லை, கைகுலுக்கல் இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில், தொடர்மாடி, சபை, திடல் என்று நாடு முழுக்கத் தேடிய இடத்தை ஒரு ஹோட்டல் தடாகத்தின் ஓரத்தில் கண்டுபிடித்த மனிதர் என்ன செய்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் அடுத்த மாற்றத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றார். பார்த்தோம்.

ஞாயிறு காலைகளில் ரேணுகா எங்கள் கடலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்தக் கார்த்திகையில் விசில் அவள் கழுத்துக்கு வந்தது. மாதக் கடைசி. அவர் கையை நீட்டினார். ரேணுகா விசிலைக் கழற்றவில்லை.

"கையத் தூக்கச் சொல்லுங்க, சேர். நான் இருக்கவா வேண்டாமான்னு."

பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கினார்கள். முறையாகப் படித்தவள், நன்றாகச் சொல்லிக்கொடுப்பவள், வேறென்ன வேண்டும்? எதிராக ஒரே ஒரு கை. நீளமான, ஈரமான, வயதான கை.

"மக்கள் தீர்ப்பு, சேர்" என்றாள் ரேணுகா.

"தீர்ப்புத்தான்" என்றார் அவர். "எல்லாரும் இப்பிடித்தான் தொடங்குறவை."

"நீங்க ஒரு வாரம் இருந்திருக்கலாம்ல, சேர்? நான் ஒவ்வொரு மாசமும் இருக்கப் போறேன். நீங்க ஒவ்வொரு மாசமும் வந்து கேளுங்க."

அவர் கையை இறக்கிக்கொண்டார். பிறகு தலையாட்டினார். அந்தச் சனிக்கிழமைப் பின்னேரத்துக்கு அவர் கொடுத்த பதில் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு அவர் கையை நீட்டினார், ஒவ்வொரு மாதமும் அவள் விசிலை வாயில் வைத்து அவரது காதருகே ஊதி, "சேர், தண்ணிக்குள்ள!" என்று அனுப்பினாள். அவர் போனார். பிள்ளைகளுக்கு அது நீச்சலை விடப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. மூச்சு முட்டத் தொடங்கிய பிறகும் கல்லில் இருந்தபடி கையை நீட்டினார். கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும். அன்று அவளிடம் விசில் இருக்கவில்லை; விரல்களை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தாள். தாதி வந்து இருவரையும் ஏசினாள். போகப்போன தாதியை அவர் கூப்பிட்டு ஏதோ கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் போனது ஒரு மாதத்தின் நடுவில். அந்த மாதக் கடைசி ஞாயிறு, கடல் தட்டையாகக் கிடந்தது. பிள்ளைகள் நீந்தி முடித்துக் கரையேறித் துவாய்களுக்குள் நடுங்கினார்கள். ரேணுகா இடுப்பளவு தண்ணீரில் நின்று கரையைப் பார்த்தாள். கல் அங்கேதான் இருந்தது. எவரும் கையை நீட்டவில்லை. எவருக்கும் அது தோன்றவுமில்லை. அவள்தானே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவள் கரைக்கு வந்தாள். பச்சை நாடாவைத் தலைக்கு மேலால் கழற்றினாள். நாடா தலைமயிரில் சிக்கியது, இழுத்து எடுத்தாள். ஆதிரையின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

"ஏன் அக்கா?" என்று ஆதிரை கேட்டாள். "உங்களை ஆரும் கேக்கேல்லையே."

"அதான்" என்றாள் ரேணுகா. "சேர் இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்."